ஒன்பதாம் மாடி நேசம்மாள்

நேசம்மாளைப் பற்றிக் கேட்டால் ஊரில் எல்லாரும் நல்லதாகத்தான் சொல்வார்கள். செத்துப்போனவள் என்றால் நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போவேன். அவள் உயிரோடு இருக்கிறாள். எனக்கு அடுத்த வளவில், எழுபத்தொரு வயதில், ஒரு பல்கூட விழாமல் இருக்கிறாள். எனக்கு மேலே நான்கும் கீழே ஆறும்தான் மிச்சம்.

அவள் என் கொழுந்தன் முத்துநாயகத்தின் பெண்டாட்டி. நான் மூத்தவர் ராஜையனைக் கட்டி நாகர்கோவிலில் இந்தப் பூவரசவிளைத் தெருவுக்கு வந்து மூன்று வருடம் கழித்து, அவள் மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்தாள். நான் பதினோரு வயதிலிருந்து அண்டி ஆபீஸில் முந்திரிக்கொட்டை உடைத்தவள். கொட்டை எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்துத் தோல் உரிந்து கிடக்கும். கல்யாணப் போட்டோவில்கூடக் கையை முந்தானைக்குள் மறைத்து வைத்திருக்கிறேன். அவள் பத்தாம் வகுப்புப் படித்தவள், கையில் கறை இல்லை. வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே சபைக் கோயிலில் எழுந்து நின்று வேதபாடம் வாசித்தாள். அன்று மத்தியானம் மாமியார் நெய்மீனின் நடுத்துண்டை எடுத்து எனக்கு வைக்காமல் அவளுக்கு வைத்தாள். ஐம்பது வருடம் ஆகிறது. துண்டு எவ்வளவு பெரியது என்று இப்போதும் கையால் காட்டுவேன்.

அவளுக்கு வாய்த்ததெல்லாம் அப்படித்தான். வேலை கிடைத்தது, அதுவும் பால்வாடி டீச்சர் வேலை, நாற்காலியில் உட்கார்ந்து. இருபத்தெட்டு வருடம் இந்தத் தெருப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டாள். இன்றைக்கு மீசை நரைத்தவன்கூட அவளைக் கண்டால் பைக்கை நிறுத்தி ‘டீச்சரே’ என்கிறான். என்னைக் கண்டால் ஹாரன் அடிக்கிறான். அவள் கோழியை அடைவைத்தால் பன்னிரண்டு முட்டையில் பதினொன்று பொரிக்கும். என் கோழி கூமுட்டைமேல் உட்கார்ந்திருக்கும். அவள் வைக்கிற மீன்குழம்பு மணம் மதிலைத் தாண்டி வந்தால் என் வீட்டுக்காரர் சோற்றில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவள் என்னிடம் ஒரு நாளும் கெட்ட வார்த்தை பேசியதில்லை. அதுவும் எனக்குப் பிடிக்காது. சண்டைக்கு வராதவளை எப்படி ஜெயிக்கிறது?

ஒரே ஒரு காரியத்தில் நான் அவளை ஜெயித்திருந்தேன். அது கல்லறை.

எங்கள் ஜில்லாவில் செத்தவர்களை வீட்டு வளவிலேயே அடக்கம் செய்வது புதிதில்லை. அடுக்களைக்குப் பின்னால் அப்பா கிடப்பார், தென்னைமூட்டில் அம்மா கிடப்பாள். கல்லறைத் தளத்தில் கிழங்கு வற்றல் காயும், பிள்ளைகள் அதன்மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும். யாரும் பயப்படுவதில்லை. என் கொழுந்தன் பஸ் கண்டக்டர். அவன் நெஞ்சுவலியில் போனபோது நேசம்மாள் அவனைச் சபைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்தாள். மாமனார் அங்கே குடும்பத்துக்கென்று வாங்கிப் போட்டிருந்த, ஒருவர்மேல் ஒருவராக வைக்கிற கல்லறையில் முதலில் படுத்தவன் அவன்தான். இரண்டு வருடம் கழித்து என் வீட்டுக்காரர் படுக்கையில் விழுந்தார். அவர் கொத்தனார். ஊரில் எத்தனையோ பேருக்கு மாடி எடுத்துக் கொடுத்தவர், எங்கள் வீட்டுக்கு மட்டும் ஒரு மாடி எடுக்கவில்லை. கடைசி வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“என்னைய வெளிய கொண்டு போட்டிராத. நான் கெட்டுன வீட்டப் பாத்துக்கிட்டே கெடக்கணும்.”

அயனி மரத்துக்குக் கீழே வைத்தேன். பச்சை டைல் பதித்தேன். பக்கத்தில் ஆறடி எனக்கென்று விட்டேன். அந்த ஆறடியில் இதுவரை ஒரு மிளகாய்ச் செடிகூட நட்டதில்லை. சாயங்காலம் பெருக்கும்போது அந்த இடத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பெருக்குவேன். நேசம்மாள் மதில் பக்கம் வந்தால், கேட்காமலேயே எடுத்துச் சொல்வேன்: உன் மாப்பிள்ளை ஊரார் கூட்டத்தில் கிடக்கிறான், எனக்க ஆள் சொந்த மண்ணில் கிடக்கிறார் என்று. அவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். ஆனால் அந்தச் சிரிப்பு கொஞ்சம் சின்னதாக இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே பத்துப் பன்னிரண்டு வருடம் சந்தோஷமாக இருந்தேன்.

மூன்று வருடம் முன்பு முருகதாஸ் என்று ஒரு கட்டடக்காரர் தெருவுக்கு வந்தார். பதினோரு மாடியில் பிளாட் கட்டப்போகிறாராம். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு பெரிய காலி மனையை வாங்கிவிட்டார். ரோட்டுக்கு வழி வேண்டும், அதற்கு முன்பக்கம் பன்னிரண்டு சென்ட் வேண்டும். மாமனாரின் இருபத்துநாலு சென்டை நானும் நேசம்மாளும் பாதிப்பாதியாகப் பங்கு வைத்திருந்தோம். இரண்டில் எதுவானாலும் அவருக்குப் போதும்.

அவர் முதலில் வந்தது என் வீட்டுக்குத்தான். இதை நான் யாரிடமும் சொல்லத் தவறுவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார், டீ கொடுத்தேன். இடத்தைக் கொடுத்தால் இரண்டு பிளாட், ஒன்பதாவது மாடியில், லிப்ட் உண்டு, காற்று உண்டு என்றார். நான் மனசுக்குள் ஒன்பதாவது மாடிக்கு ஏறிப் போய் நேசம்மாளின் ஓட்டு வீட்டைக் கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வளவைப் பார்த்தார். பச்சை டைல் தெரிந்தது. அது என்ன என்று கேட்டார். சொன்னேன். பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தார்.

“அம்மா, கல்லறை கெடந்த எடம்னா பிளாட் ஒண்ணுகூட விலை போவாது.”

அடுத்த வாசலுக்குப் போனார். நேசம்மாளின் வளவில் கல்லறை கிடையாது.

இந்த அநியாயத்தை நான் எங்கே போய்ச் சொல்ல? எந்தக் கல்லறையைக் காட்டி அவளை ஜெயித்திருந்தேனோ, அதே கல்லறையால் ஒன்பதாவது மாடி அவளுக்குப் போனது. அவளுடைய வீடு மழையில் ஏழு இடத்தில் ஒழுகும், வாளியும் சட்டியும் வைத்துப் படுப்பாள். மகள் ஷைஜா மாப்பிள்ளையோடு செட்டிகுளம் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறாள். ஒரு பிளாட் மகளுக்கு, ஒன்று தனக்கு என்று கணக்குப் போட்டாள். தெருவில் அவளுக்கு ‘ஒன்பதாம் மாடி டீச்சர்’ என்று பேர் விழுந்தது. ஒருநாள் மதில் பக்கம் வந்து, படுக்கையறை ஜன்னல் எந்தப் பக்கம் வைத்தால் நல்லது, அத்தான் இருந்தால் கேட்டிருப்பேன் என்றாள். அத்தான் என்று அவள் சொல்வது என் வீட்டுக்காரரை. எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மகன் ஜெனித் குவைத்திலிருந்து போன் பண்ணினான். நான் மாடி, மாடி என்றே பேசினேன். அவன் பிரஷர் மாத்திரை போட்டியா என்று கேட்டான்.

இதற்குள் தெரு இரண்டாகப் பிரிந்துவிட்டது. மாடி வந்தால் மனை விலை ஏறும், கடை வரும், ரோடு அகலமாகும் என்று ஒரு கூட்டம். பதினோரு மாடிக்கும் போர் போட்டுத் தண்ணீர் உறிஞ்சினால் நம் கிணறு வற்றும், சாக்கடை எங்கே போகும், தீப்பிடித்தால் இந்தச் சந்துக்குள் வண்டி எப்படி வரும் என்று இன்னொரு கூட்டம். அதற்குத் தலைவர் தாணப்பன், மின்வாரியத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். டீக்கடையில், மீன்காரி கூடைக்கு முன்னால், கோயில் முடிந்து செருப்புப் போடுகிற இடத்தில், எங்கும் இதே பேச்சு. ஒரு வீட்டிலேயே மாமனார் இந்தப் பக்கம், மருமகன் அந்தப் பக்கம்.

நான் தாணப்பன் கூட்டத்தில் சேர்ந்தேன். தண்ணீரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? என் கிணறு சித்திரையில்கூட வற்றாது. நேசம்மாள் ஒன்பதாவது மாடிக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான். மாடி வேண்டாம் என்று அவர் எழுதிய மனுவில் கட்டைவிரல் வைத்தபோது மை காயும் முன்னாலேயே எனக்குப் பாதி வியாதி தீர்ந்தது.

சமுதாயக் கூடத்தில் கருத்துக் கேட்கிற கூட்டம் வைத்தார்கள். இருநூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். மாநகராட்சியிலிருந்து ஒரு அதிகாரி அம்மா வந்திருந்தார், சின்ன வயது, கண்ணாடி. முருகதாஸ் திரையில் கட்டடத்தின் படம் காட்டினார். அதில் மரம் எல்லாம் அழகாக இருந்தது. தாணப்பன் தாள் தாளாக வாசித்தார், பாதியில் ஜனம் விசிறிக்குக் கீழே இடம் தேட ஆரம்பித்தது. நேசம்மாள் முன்வரிசையில் ஷைஜாவோடு உட்கார்ந்திருந்தாள், வெள்ளைச் சேலை, இஸ்திரி போட்டது.

எனக்கு மைக் கொடுத்தார்கள். வாழ்நாளில் முதல் தடவை.

“மேடம், பதினோரு மாடியில இருந்து எல்லாரும் எனக்க மாப்பிள்ளைய எட்டிப் பாப்பாங்க. அவரு உயிரோட இருந்தப்பவே துண்டு இல்லாம முற்றத்துக்கு எறங்கமாட்டாரு. செத்த பொறவு எதுக்கு அவருக்கு இந்த அவமானம்?”

கூடம் முழுவதும் சிரித்தது. நான் நன்றாகப் பேசிவிட்டேன் என்று நினைத்தேன். அதிகாரி அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கல்லறை எங்கே இருக்கிறது என்று கேட்டார். வீட்டில் என்றேன். வீட்டில் என்றால்? அடுக்களைக்குப் பின்னால் என்றேன். குடியிருப்புக்குள் அடக்கம் பண்ண அனுமதி வாங்கினீர்களா, காகிதம் இருக்கிறதா என்றார். அனுமதியா? என் மாப்பிள்ளையை என் வளவில் வைக்க யாரிடம் கேட்கவேண்டும்?

அவர் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். கூடத்தில் அப்படியொரு அமைதி. ஏன் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. அங்கே இருந்தவர்களில் பாதிப்பேருக்கு வளவில் கல்லறை உண்டு, ஒருவரிடமும் காகிதம் இல்லை. என் பக்கம் பேசவேண்டிய தாணப்பன் தாளை மடித்துப் பையில் வைத்தார். அவர் அப்பாவும் அம்மாவும் கார் ஷெட்டுக்குப் பின்னால்தான் கிடக்கிறார்கள்.

முருகதாஸ் மெதுவாக எழுந்தார். அனுமதி இல்லாத கல்லறை என்றால் சட்டப்படி எடுத்துவிடலாமே, செலவை நானே ஏற்றுக்கொள்கிறேன், அந்த இடத்தையும் சேர்த்துத் திட்டத்தைப் பெரிசாக்கலாம், அம்மாவுக்கும் இரண்டு பிளாட் என்றார். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நொடி என் மனசு ஒன்பதாவது மாடிக்குப் போய் வந்தது. அடுத்த நொடி அயனி மரமும் அந்த ஆறடியும் கண்ணில் வந்தது.

அப்போது நேசம்மாள் எழுந்தாள். ஷைஜா சேலையைப் பிடித்து இழுத்தாள், அவள் கையைத் தட்டிவிட்டாள்.

“மேடம், எழுதுறதுன்னா எனக்க பேரையும் சேத்து எழுதுங்க. அத்தான அடக்கம் பண்ணுனப்போ அந்த இருபத்துநாலு சென்டும் ஒண்ணாத்தான் கெடந்து, பங்கு வெக்கல. அதுல எனக்கும் பாதி உண்டு. நானும் சம்மதிச்சுத்தான் குழி வெட்டுனது.”

பிறகு முருகதாஸ் பக்கம் திரும்பினாள்.

“தம்பி, எங்க அத்தானத் தோண்டி எடுத்துட்டுத்தான் மாடி எழும்பும்னா எனக்கு அந்த மாடி வேண்டாம். நான் கையெழுத்துப் போடமாட்டேன்.”

பின்வரிசையில் ஒருவர் எழுந்து எங்கள் வீட்டிலும் இரண்டு கல்லறை இருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள் என்றார். அடுத்து இன்னொருவர். கடைசியில் தாணப்பனும் எழுந்தார். மாடி வேண்டும் என்றவன், வேண்டாம் என்றவன் எல்லாம் ஒன்றாக நின்றான். அதிகாரி அம்மா பேர் எழுதுவதை நிறுத்திவிட்டார். பழைய கல்லறைகளில் யாரும் கைவைக்க மாட்டார்கள் என்று சொன்னார். இனிமேல் இந்தப் பகுதியில் அனுமதி இல்லாமல் வீட்டு வளவில் ஒருவரையும் அடக்கம் பண்ணக்கூடாது என்றும் சொல்லி, அதை எழுதிவைத்தார். ஜனம் கை தட்டியது.

கை தட்டியது நேசம்மாளுக்கு. என் மாப்பிள்ளைக்காக நான் பேசினபோது சிரித்தார்கள், அவள் பேசினபோது அழுதார்கள். வெளியே வந்ததும் நாலு பேர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த ஞாயிறு போதகர் பிரசங்கத்தில் பேர் சொல்லாமல் அவளைச் சொன்னார், எல்லாருக்கும் தெரிந்தது. நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒருத்தி வந்து, ஒனக்கு நல்ல அனியத்தி வாய்ச்சிருக்கா, கூடப்பெறந்த தங்கச்சிகூட இப்படி வராது என்றாள். செருப்பு இரண்டும் காலடியிலேயே இருந்தது. அவள் போகும்வரை தேடிக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு வீடு கல்லறை என்று வெளியே தெரிந்துபோன தெருவில் பிளாட் விற்காது என்று முருகதாஸ் பின்மனையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டு வேறு ஊர்ப்பக்கம் போய்விட்டார். ஷைஜா ஆறு மாதம் தாயிடம் பேசவில்லை. நேசம்மாள் ஓட்டின்மேல் நீலத் தார்ப்பாய் விரித்துக் கல் வைத்தாள். ஒன்பதாம் மாடி என்ற பேர் மட்டும் போகவில்லை, இப்போது அதை மரியாதையாகச் சொல்கிறார்கள். நான் நினைத்தது நடந்தது. அவள் மாடிக்குப் போகவில்லை. அதைக் கொண்டாட எனக்கு ஒருவாரம்கூடக் கிடைக்கவில்லை.

ஒருநாள் அந்த ஆறடியைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உறைத்தது. இனிமேல் அடக்கம் பண்ணக்கூடாது என்றால் என்னையும் பண்ணக்கூடாது. துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். மைக் பிடித்து நானே போய்ச் சொல்லி, நானே என் இடத்தை அடைத்துவிட்டு வந்திருக்கிறேன். அவர் இங்கே, நான் எங்கேயோ. நேசம்மாளுக்கு அந்தக் கவலை இல்லை. சபைக் கல்லறையில் மாப்பிள்ளை கிடக்கிறான், காகிதம் இருக்கிறது, அவள் போய் அவனோடு படுத்துக்கொள்ளலாம். நெய்மீன், பால்வாடி, கோழி, மாடி எல்லாவற்றையும் பொறுத்தேன். இதை என்னால் பொறுக்க முடியவில்லை. மூன்று நாள் அவளைப் பார்க்காமல் இருக்க மதில் பக்கமே போகவில்லை.

நான்காம் நாள் போதகரிடம் கேட்கலாம் என்று கிளம்பினேன். வாசலிலேயே நேசம்மாள் நின்றாள்.

“எக்கா, எங்க போறன்னு தெரியும். நான் கேட்டாச்சு. குடும்பக் கல்லறையில எடம் உண்டு. எனக்க மாப்பிள்ள அடியில கெடக்காரு, பதினாறு வருசமாச்சு, தொறக்கலாம். நீ போற அன்னைக்கு அத்தானுக்க எலும்ப ஒரு பெட்டியில எடுத்து ஒனக்க தலமாட்டுல வெச்சிரலாம். அதுவரைக்கும் அத்தான் அவருக்க மரத்தடியிலயே கெடக்கட்டும்.”

எனக்கு முன்னால் போய் அதையும் கேட்டுவிட்டாள். நான் கேட்டிருந்தால் போதகர் யோசிக்கிறேன் என்றிருப்பார். அவள் கேட்டால் உடனே சரி என்றிருப்பார். நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“அப்ப நீ?”

“நீ மொதல்ல போனா நீ படு. பொறவு நான் வந்து ஒனக்கு மேல படுத்துக்கிடுதேன்.”

“மேல எதுக்குட்டி நீ?”

அவள் பல் எல்லாம் தெரியச் சிரித்தாள். “பின்ன, கடைசியா வாறவதான மேல.”

வீட்டுக்குள் வந்து நெடுநேரம் யோசித்தேன். அவள் சொன்னது சரிதான். அந்தக் கல்லறையில் மேலே படுக்கவேண்டும் என்றால் அவளுக்குப் பிறகு சாகவேண்டும். வேறு வழி கிடையாது.

அன்றிலிருந்து பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை இரண்டையும் ஒருநாள் தவறாமல் போடுகிறேன். ஜெனித் போனில் கேட்டுவிட்டு ஆச்சரியப்படுகிறான். பலாப்பழத்தை வாசலில் வைத்தாலும் தொடுவதில்லை. காலையில் ஆறு மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் நான்கு சுற்று நடக்கிறேன். நேசம்மாளும் வருகிறாள். அவள் ஐந்து சுற்று நடக்கிறாள்.